எந்த எண் சரி?

ஏப்ரல் முதல் வாரம். நடுத்தர அளவிலான ஒரு கடன் நிறுவனத்தின் கூட்ட அறையை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நகைக்கடன், வாகனக் கடன், சிறு வியாபாரிகளுக்கான கடன் என மூன்று தொழில்கள், ஊர் ஊராகக் கிளைகள். நிர்வாக இயக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "மார்ச் முடிவில் 90 நாளைத் தாண்டி நிலுவை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?" வசூல் பிரிவு ஓர் எண் சொல்கிறது. கணக்குப் பிரிவு வேறோர் எண் சொல்கிறது. ரிஸ்க் பிரிவின் லேப்டாப்பில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கடன்களை எண்ணியிருக்கிறார். ஒருவர் ஆட்களை எண்ணியிருக்கிறார். மூன்றாமவர் 31ஆம் தேதி மாலை 6 மணிக்கு இறக்கிய பட்டியலை வைத்து எண்ணியிருக்கிறார். அன்றிரவு வரவான பணம் அதில் சேரவில்லை.

இதுபோல நாலைந்து கூட்டங்கள் நடந்த பிறகுதான் பெரும்பாலான நிறுவனங்களில் அந்த முடிவு எடுக்கப்படுகிறது: "நமக்கு ஒரு கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ் ஆர்க்கிடெக்ட் வேண்டும்." ஹெச்ஆர் பிரிவு விளம்பரம் எழுதுகிறது. ஸ்னோஃப்ளேக், ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, பைத்தான், ஸ்பார்க் என்று மென்பொருள் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பத்தாண்டு அனுபவம், இரண்டு சான்றிதழ்கள் என்று முடிகிறது. கூட்டத்தில் முளைத்த அந்த மூன்று எண்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. வருகிறவர் தீர்க்க வேண்டிய வேலையோ அதுதான்.

குறிப்பேடும் ஐந்தொகையும்

பழைய வட்டிக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு டேட்டா வேர்ஹவுஸ் என்ற தரவுக் கிடங்கைப் புரிந்துகொள்வது எளிது. அன்றன்று நடப்பது குறிப்பேட்டில் ஏறும்: யார் வந்தார், எவ்வளவு கொடுத்தார், என்ன அடகு வைத்தார். அங்கிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிவாகும். கணக்கு முடிக்கும்போது ஐந்தொகை போடுவார்கள். கடையின் நிலை மொத்தமாக அதில் தெரியும். கடையில் கூட்டம் நிற்கும்போது யாரும் ஐந்தொகை போட உட்கார மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

கணினியிலும் இதே பிரிவினைதான். கிளையில் பணம் வாங்கும் மென்பொருள், யுபிஐ வரவைப் பதியும் மென்பொருள், கடன் கணக்கை வைத்திருக்கும் மென்பொருள் ஆகியவை குறிப்பேடுகள். ஒரு வாடிக்கையாளரின் ஒரு வரியை நொடிக்குள் எடுக்கவும் மாற்றவும் அவை கட்டப்பட்டவை. "கடந்த ஐந்தாண்டில் டிராக்டர் கடன் வாங்கியவர்களில் மழை பொய்த்த மாவட்டங்களில் எத்தனை பேர் தவணை தவறினார்கள்?" என்ற கேள்வியை அந்த மென்பொருளிடமே கேட்டால், கவுன்டரில் நிற்பவருக்கு ரசீது வர நேரமாகும். ஆகவே எல்லாக் குறிப்பேடுகளிலிருந்தும் தகவலைப் பிரதி எடுத்து, சுத்தம் செய்து, ஒரே இடத்தில் காலவரிசையோடு அடுக்கிவைக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. அதுதான் தரவுக் கிடங்கு.

ஐபிஎம் நிறுவனத்தின் பேரி டெவ்லின், பால் மர்ஃபி இருவரும் இந்த அமைப்பை விளக்கிக் கட்டுரை எழுதியது 1988இல். பில் இன்மன் 1992இல் வெளியிட்ட நூலும் ரால்ஃப் கிம்பால் 1996இல் வெளியிட்ட நூலும் இத்துறையின் பாடப்புத்தகங்கள் ஆயின. நிறுவனம் முழுவதற்கும் ஒரே மையக் கிடங்கை முதலில் கட்ட வேண்டும் என்பது இன்மன் வழி. விற்பனை, வசூல் என்று ஒவ்வொரு தொழில் நடப்புக்கும் தனித்தனியாகக் கட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவான வாடிக்கையாளர், கிளை, தேதி அட்டவணைகளால் அவற்றை இணைக்கலாம் என்பது கிம்பால் வழி. இன்றைக்கும் நேர்காணலில் ஆர்க்கிடெக்ட் எந்தப் பக்கம் சாய்கிறார், ஏன் சாய்கிறார் என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

கிடங்குக்குள் தகவல் அடுக்கப்படும் விதமும் வேறு. சாதாரண மென்பொருள் ஒருவரின் பெயர், முகவரி, கடன் தொகை, வட்டி என எல்லாவற்றையும் ஒரே வரியாக வைக்கும். கிடங்கு மென்பொருள் பத்தி பத்தியாக வைக்கும்: வட்டி எல்லாம் ஓரிடம், ஊர் எல்லாம் ஓரிடம். ஒரு கோடிக் கணக்குகளின் சராசரி வட்டியைக் கேட்டால், மீதியைத் தொடாமல் வட்டிப் பத்தியை மட்டும் படித்தால் போதும். கிடங்கின் வேகத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

மீட்டர் ஓடும் கிடங்கு

முன்பெல்லாம் இதற்கென்று தனிப் பெட்டிகளை வாங்க வேண்டும். 1979இல் தொடங்கிய டெராடேட்டா தன் முதல் இயந்திரத்தை 1983இல் அனுப்பிவைத்தது ஒரு வங்கிக்கு, அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோவுக்கு. அந்த நாளிலிருந்தே நிதித்துறைதான் இந்தத் தொழில்நுட்பத்தின் முக்கிய வாடிக்கையாளர். பெட்டி விலை அதிகம். ஐந்தாண்டுத் தேவையை இன்றே கணித்து வாங்க வேண்டும். கணிப்பு தவறினால் ஒன்று வீண், இல்லையென்றால் நெருக்கடி.

கூகுள் 2010இல் பிக்குவெரியை அறிவித்தது. அமேசான் 2012இன் இறுதியில் ரெட்ஷிஃப்டை அறிவித்தது. அதே 2012இல் தொடங்கப்பட்ட ஸ்னோஃப்ளேக் 2020இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. இணையம் வழி இயங்கும் இந்தக் கிளவுட் சேவைகள் வந்தபின் கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. தகவலைச் சேமிக்கும் இடம் தனி, கணக்குப் போடும் இயந்திரம் தனி என்று பிரித்ததுதான் பெரிய மாற்றம். மாத முடிவில் மட்டும் பத்து இயந்திரங்களை ஓட்டலாம், மற்ற நாட்களில் ஒன்று போதும்.

ஆனால் வாடகை என்றால் மீட்டர் உண்டு. ஸ்னோஃப்ளேக்கில் இயந்திரத்தின் அளவு ஒரு படி ஏறினால் கட்டணம் இரண்டு மடங்கு. மிகச் சிறியது மணிக்கு 1 கிரெடிட் (கட்டண அலகு) எடுக்கும், 'லார்ஜ்' அளவு மணிக்கு 8 கிரெடிட் எடுக்கும். நாளுக்கு 20 நிமிடமே தேவைப்படும் ஓர் அறிக்கைக்காக 'லார்ஜ்' இயந்திரத்தை நாள் முழுக்க ஓடவிட்டால் 192 கிரெடிட் கரைகிறது. வேலை முடிந்ததும் தானாக நிற்கும்படி வைத்திருந்தால் அதே வேலைக்கு 3 கிரெடிட்கூட ஆகாது. அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றுவதுதான் வித்தியாசம்.

பிக்குவெரியில் எவ்வளவு தகவலைப் புரட்டினோம் என்பதற்குக் கட்டணம். இணையக் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் தன் அனுபவத்தையே வெளியிட்டிருக்கிறது. புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு வசதி, ஒவ்வொரு முறை கேள்வி கேட்கும்போதும் 75 ஜிபி தகவலைப் புரட்டியது. நிமிடத்துக்கு 60 முறை கேட்டால் மாதக் கட்டணம் சுமார் 9.5 லட்சம் டாலர் ஆகும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அட்டவணையை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை மாற்றினார்கள். கணக்கு சுமார் 1,400 டாலராக இறங்கியது. வசதியைத் திறந்துவிடுவதற்கு முன்பே யாரோ உட்கார்ந்து பெருக்கிப் பார்த்ததால் அந்தப் பணம் மிஞ்சியது. ஆர்க்கிடெக்ட்டுக்குக் கொடுக்கும் சம்பளத்தை நிறுவனங்கள் பெரிய செலவாகப் பார்க்கின்றன. அவர் இல்லாத ஆண்டின் கிளவுட் பில்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

2008 கற்பித்தது

எல்லா நிறுவனத்துக்கும் கிடங்கு உண்டு. நிதி நிறுவனத்துக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்? 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டபோது உலகத்தின் பெரிய வங்கிகள் பலவற்றின் மேசையில் ஒரே கேள்வி விழுந்தது: லேமனிடம் நம் பணம் மொத்தம் எவ்வளவு சிக்கியிருக்கிறது? ஒவ்வொரு நாட்டுக் கிளையும், ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் கணினியில் தனித்தனிப் பெயரில் அந்தத் தகவலை வைத்திருந்தன. பல வங்கிகளால் வேகமாகவும் சரியாகவும் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து, வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பேசல் குழு 2013 ஜனவரியில் 14 கோட்பாடுகளை வெளியிட்டது. ரிஸ்க் தொடர்பான தகவலை ஒன்றுதிரட்டுவது எப்படி, அறிக்கையாகத் தருவது எப்படி என்பதுதான் அவற்றின் பொருள். உலகின் மிகப் பெரிய வங்கிகள் 2016 ஜனவரிக்குள் இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்றது. 2023இல் குழு மீண்டும் ஆய்வு செய்தபோது, மதிப்பிட்ட 31 வங்கிகளில் முழுமையாகத் தேறியவை 2 மட்டுமே. கோடிக்கணக்கில் செலவு செய்யும் வங்கிகளுக்கே இந்த வேலை இவ்வளவு கடினம். சிட்டி குழுமத்துக்கு 2020இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 40 கோடி டாலர் அபராதம் போட்டது. தரவு நிர்வாகத்தைச் சீர்செய்வதில் போதிய முன்னேற்றம் இல்லை என்று 2024 ஜூலையில் மேலும் சுமார் 13.6 கோடி டாலர் விதிக்கப்பட்டது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள் கிடங்கின் வரைபடத்துக்குள்ளேயே நுழைகின்றன. பணப் பரிமாற்ற அமைப்புகளின் தகவல் முழுவதும் இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உத்தரவு வந்தது. இதைப் பின்பற்றவில்லை என்று 2021 ஜூலை 22 முதல் மாஸ்டர்கார்டு இங்கே புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. தடை நீங்க 2022 ஜூன் ஆயிற்று. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்ற ஒரு தீர்மானம், ஏறத்தாழ ஓராண்டு வியாபாரத்தின் மேல் விழுந்தது.

2023 ஏப்ரலில் வந்த இன்னொரு உத்தரவு, தகவல் தொழில்நுட்ப வேலைகளை வெளியாரிடம் ஒப்படைப்பதைப் பற்றியது. கிளவுடுக்கென்று தனிப் பின்னிணைப்பே அதில் இருக்கிறது. வேலையை ஒப்படைத்தாலும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பது அதன் சாரம். சேவை தருபவரை விட்டு வெளியேறும் திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊடுருவல் போன்ற சம்பவம் கண்டறியப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தகவல் போக வேண்டும். வங்கிகளுக்கு மட்டுமில்லை, சொத்து 1,000 கோடி ரூபாயைத் தாண்டிய கடன் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

இனி, முதலில் பார்த்த கூட்ட அறைக்குத் திரும்பலாம். அந்த மூன்று எண்களுக்கான விடை 2021 நவம்பர் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விளக்கத்தில் இருக்கிறது. அதிலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். தவணைத் தேதி 2021 மார்ச் 31. அன்றைய 'டே எண்ட்' என்ற நாள்முடிவுக் கணக்கு ஓடுவதற்குள் முழுத் தொகை வராவிட்டால் அன்றே நிலுவை தொடங்கிவிடுகிறது. நிலுவை நீடித்தால் ஏப்ரல் 30 அன்று முதல் எச்சரிக்கைப் பிரிவிலிருந்து இரண்டாவதற்கு நகர்கிறது. மே 30 அன்று மூன்றாவதற்குப் போகிறது. ஜூன் 29 அன்று வாராக்கடன். மாதக் கடைசியில் சௌகரியமாகக் கணக்குப் பார்ப்பதற்கு இடமில்லை, எண்ணுவது நாள் கணக்கில். நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மீண்டும் நல்ல கணக்காகும். இதோடு இன்னொரு நெடுநாள் விதியும் சேர்கிறது: வாராக்கடன் என்பது கடன்வாரியாக அல்ல, ஆள்வாரியாகப் பார்க்கப்படுவது. ஒருவரின் வாகனக் கடன் 90 நாளைத் தாண்டினால் அவர் ஒழுங்காகக் கட்டும் இன்னொரு கடனும் அதே பட்டியலில் சேரும்.

ஆள்வாரி என்று சொல்வது எளிது. தமிழ்நாட்டில் ஓர் ஆளை ஒரே ஆள் என்று கணினிக்குப் புரியவைப்பது எவ்வளவு பாடு என்பதை இங்கே டேட்டா வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஒரே மனிதர் நகைக்கடனில் 'கே. முருகன்', வாகனக் கடனில் 'முருகன் கே'. பான் அட்டையில் இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னதால் அங்கே 'முருகன் கந்தசாமி'. பிறந்த தேதி ஓரிடத்தில் பள்ளிச் சான்றிதழ்படி, இன்னோரிடத்தில் வெறும் ஜனவரி 1. செல்போன் எண் மகனுடையது. இவர்கள் மூவரும் ஒருவரே என்று கிடங்கு கண்டுபிடிக்காவிட்டால் வாராக்கடன் எண்ணிக்கை தப்பு, ரிசர்வ் வங்கிக்குப் போகும் அறிக்கையும் தப்பு. வேறு முருகன் ஒருவரோடு தவறாக இணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கடனை வாங்காத ஒருவரின் கிரெடிட் ஸ்கோர் சரிந்து, மகளின் கல்விக் கடன் மறுக்கப்படும். புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த மனிதரின் அலைச்சலுக்கு முன் அந்த 100 ரூபாய் சிறியது.

பூட்டும் பிரதியும்

கிளவுடுக்குப் போன நிதி நிறுவனங்களுக்குக் கிடைத்த பாடங்களில் இரண்டு மிக முக்கியமானவை.

முதலாவது, அமெரிக்காவின் கேபிடல் ஒன். கிளவுடை முழுமனதோடு ஏற்று, 2020இல் தன் கடைசி டேட்டா சென்டரையும் மூடிய வங்கி அது. 2019 மார்ச்சில், தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாக ஒருவர் உள்ளே புகுந்தார். அந்த ஃபயர்வாலுக்கு இருந்த அனுமதியைக் கொண்டே சேமிப்பிடங்களைப் படிக்க முடிந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய தகவல் வெளியே போயிற்று. பெரும்பகுதி 2005 முதல் 2019 தொடக்கம் வரை கிரெடிட் கார்டுக்கு வந்த விண்ணப்பங்கள். வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் ஜூலையில் வங்கிக்கே தெரிந்தது. அடுத்த ஆண்டு 8 கோடி டாலர் அபராதம். பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கைத் தீர்க்க 19 கோடி டாலர். இதில் ஆர்க்கிடெக்ட் ஒருவர் கவனிக்க வேண்டிய வரி வேறு: சில முக்கியமான தகவல்களை வங்கி ஏற்கெனவே பொருளற்ற குறியீடுகளாக மாற்றி வைத்திருந்தது. அப்படி மாற்றப்பட்டவை திருடு போன பிறகும் பாதுகாப்பாகவே இருந்தன. எந்தப் பத்தியைக் குறியீடாக மாற்றுவது, பதினான்கு ஆண்டுப் பழைய விண்ணப்பத்தை ஏன் வைத்திருப்பது என்ற இரண்டு கேள்விகளும் கிடங்கை வரையும் நாளிலேயே கேட்கப்பட வேண்டியவை.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பராமரிக்கும் நிதியம். 2024 மே மாதம் அதன் கணினி அமைப்பு கூகுள் கிளவுடிலிருந்து அழிந்துபோனது. அதை அமைத்தபோது கூகுளின் உள் கருவி ஒன்றில் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. காலியாக விட்டால் ஓராண்டு கழித்துத் தானாக அழியும் என்பது அந்தக் கருவியின் இயல்பு. ஒரு வாரத்துக்கும் மேலாக உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. பணம் போகவில்லை, தகவலும் மீண்டது. மீள்வதற்கு உதவியவற்றுள் முக்கியமானது, வேறொரு சேவை நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதி. அந்தப் பிரதிக்கு மாதா மாதம் பணம் கட்டியபோது, இது எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், அதற்குத் துணிந்து பதில் சொல்லும் ஒருவர் அங்கே தேவைப்பட்டிருப்பார். அந்தத் துணிச்சலும் இந்த வேலைக்கான தகுதிதான்.

ஒரு வார இறுதி, எட்டு மாதம்

பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறும் நாளில்தான் எல்லாத் திறமையும் சோதிக்கப்படும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. திங்கட்கிழமை விடிந்தபோது ஆயிரக்கணக்கானோரால் உள்ளே நுழைய முடியவில்லை. இந்த எண்ணிக்கை 19 லட்சம் வரை போனது. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுமையாகச் சீராக டிசம்பர் ஆயிற்று. வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது 2022இல். அடுத்த ஆண்டு, அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். மாற்றும் வேலையை ஏற்றிருந்த வெளி நிறுவனம் தயாராக இருக்கிறதா என்று சரிபார்க்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது காரணம்.

டிஎஸ்பி மாற்றியது தரவுக் கிடங்கை மட்டும் அல்ல, முழு வங்கியை. ஆனாலும் கிடங்கு கட்டுபவருக்கு அதில் பாடம் இருக்கிறது. அனுபவம் உள்ள ஆர்க்கிடெக்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற ஒப்புக்கொள்ள மாட்டார். ஓர் அறிக்கையை எடுப்பார். பழையதையும் புதியதையும் அருகருகே இரண்டு மாத முடிவுகளுக்கு ஓட்டுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவார். அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால், பாதியில் கைமாறிய ஒரு கடன் திட்டமோ, வட்டியை வேறு விதமாக முழுமையாக்கும் ஒரு பழைய மென்பொருளோ ஒளிந்திருக்கலாம்.

நேர்காணல் மேசையில்

இத்தனையையும் மனதில் வைத்தால் நேர்காணலின் வடிவமே மாறும். மேசையின் இந்தப் பக்கம் ஐடி ஆட்கள் மட்டும் உட்கார்ந்தால் மென்பொருள் பெயர்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், ரிஸ்க் பிரிவிலிருந்து ஒருவர், உள்தணிக்கையாளர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையும் பேனாவும் போதும்.

முதல் கேள்வியாக அந்த மார்ச் 31 உதாரணத்தையே கொடுக்கலாம். நல்ல ஆர்க்கிடெக்ட் உடனே படம் வரையத் தொடங்க மாட்டார், எதிர்க்கேள்விகள் கேட்பார். "டே எண்ட் எத்தனை மணிக்கு ஓடுகிறது? கிளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரமா? யுபிஐயில் இரவு 11.50க்கு வந்த பணம் எந்தத் தேதியில் வரவாகிறது?" 2024ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சுமார் 17,200 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. நள்ளிரவை ஒட்டி வரும் பணம் இன்று விதிவிலக்கு அல்ல, அன்றாடம்.

இரண்டாவது, இடமாற்றக் கேள்வி. தேனி கிளையில் கடன் வாங்கியவர் கோவைக்குக் குடிபோய்விட்டார். கணக்கும் கோவைக்கு மாறிவிட்டது. சென்ற ஆண்டு அறிக்கையை இன்று மறுபடி எடுத்தால் அந்தக் கடன் தேனியில் வர வேண்டுமா, கோவையில் வர வேண்டுமா? பழைய முகவரியின் மேல் புதியதை எழுதிவிடும் கிடங்கில் தேனி மேலாளரின் சென்ற ஆண்டுச் சாதனை ஓசையில்லாமல் குறைந்துபோகும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தேனி, அதன்பின் கோவை என்று இரண்டு வரியாக வைத்தால் இரண்டு உண்மையும் நிற்கும். கிம்பாலின் நூல் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்த விடை தெரியும். ஊக்கத்தொகை எந்த வரியைப் பார்த்துக் கணக்கிடப்பட வேண்டும் என்று திருப்பிக் கேட்பவர், தொழிலையும் புரிந்தவர்.

மூன்றாவது, அழிக்கும் கேள்வி. கடனை அடைத்த வாடிக்கையாளர் ஒருவர் தன் தகவலை அழித்துவிடும்படி கேட்கிறார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டமோ, உறவு முடிந்து ஐந்தாண்டு வரை அடையாளப் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. எதை உடனே நீக்கலாம், எதை ஒதுக்கிப் பூட்டி வைக்க வேண்டும், ஐந்தாண்டு முடிந்ததும் அது தானாக நீங்க என்ன ஏற்பாடு, பழைய பிரதிகளுக்குள் இருக்கும் அவர் பெயரை என்ன செய்வது? இதற்கு ஒரே சரியான விடை இல்லை. சட்டப் பிரிவைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று தயங்காமல் சொல்பவர் நம்பத் தகுந்தவர்.

இன்னொரு சிறிய சோதனையும் உண்டு. வரைந்த படத்தை, அறையில் இருக்கும் கணக்காளருக்குத் தமிழில், கலைச்சொல் இல்லாமல் விளக்கச் சொல்ல வேண்டும். கிடங்கைக் கட்டிய பிறகு பாதி வேலை இந்த விளக்கம்தான். கடைசியாக, தான் போட்ட திட்டம் ஒன்று தவறிப்போன கதையைக் கேட்க வேண்டும். தவறே நடக்கவில்லை என்பவருக்கு அனுபவம் குறைவு, அல்லது நேர்மை குறைவு.

சான்றிதழ்கள்? அவை ஒரு கருவியின் மொழி தெரியும் என்பதற்கு அத்தாட்சி. ஒரு கிளவுட் தெரிந்தவர் இன்னொன்றைச் சில மாதங்களில் கற்றுக்கொள்வார். கடன் தொழிலின் நெளிவுசுளிவு அவ்வளவு விரைவில் பிடிபடாது.

ஆள் எங்கே?

சென்னையில் இந்தத் திறமைக்குப் பஞ்சமில்லை, போட்டிதான் அதிகம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி, பிஎன்ஒய், பார்க்ளேஸ் போன்றவை இங்கே பெரிய மையங்களை நடத்துகின்றன. இங்கேயே வேரூன்றிய ஸ்ரீராம், சோழமண்டலம், சுந்தரம் போன்ற கடன் நிறுவனங்களுக்கும், மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸுக்கும் இதே ஆட்கள் வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் பீரியட், அதற்குள் கையில் வேறு இரண்டு ஆஃபர் என்பது இத்துறையில் சாதாரணம். சம்பளத்தில் மட்டும் போட்டியிட முடியாத நிறுவனம், தன்னிடமே பல ஆண்டு வேலை பார்த்த டேட்டா இன்ஜினியரைத் திரும்பிப் பார்க்கலாம். எந்தக் கிளையின் எந்தப் பழைய மென்பொருளில் என்ன கோளாறு என்பது அவர் விரல்நுனியில் இருக்கும். கிளவுட் பயிற்சிக்கு ஆறு மாதமும், வழிகாட்ட அனுபவசாலி ஒருவரை மாதத்துக்குச் சில நாட்களும் ஏற்பாடு செய்தால் வெளியிலிருந்து வருபவருக்கு ஈடாக அவரே நிற்கக்கூடும்.

யார் வந்தாலும் முதல் மூன்று மாதம் எந்த மென்பொருளையும் வாங்க அவசரப்படுத்தக் கூடாது. நிறுவனத்தில் புழங்கும் அறிக்கைகள் எல்லாவற்றையும் பட்டியலிட அந்தக் காலம் தேவை. அவற்றில் பல, கேட்டவர் வேலையை விட்டுப்போன பிறகும் தினமும் தயாராகிக்கொண்டிருப்பவை. 'வாடிக்கையாளர்', 'நிலுவை', 'செயலில் உள்ள கடன்' போன்ற சொற்களுக்கு நிறுவனம் முழுவதும் ஒரே பொருளை எழுதி, எல்லாப் பிரிவுத் தலைவர்களின் ஒப்புதலையும் வாங்குவது அடுத்தது. இருபது, முப்பது சொற்களே கொண்ட அந்தச் சிறு அகராதிதான் பின்னால் வரும் கிடங்கின் அஸ்திவாரம்.

விவரம் தெரிந்த ஆர்க்கிடெக்ட் நேர்காணலுக்கு வரும்போது தன் கையிலும் ஒரு கேள்வி வைத்திருப்பார்: "உங்கள் வாராக்கடன் எண்ணுக்குப் பொறுப்பாளர் யார்? இரண்டு பிரிவுகள் முரண்பட்டால் முடிவு சொல்பவர் யார்?" பதில் சொல்ல நிறுவனத்திடம் ஒரு பெயர் வேண்டும், பதவியோடு. அது இல்லையென்றால் விளம்பரத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். வசூல், கணக்கு, ரிஸ்க் மூன்று பிரிவுத் தலைவர்களும் மார்ச் பட்டியல்களை மேசையில் விரித்து, டே எண்ட் முடிந்த நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, முதல் வரியில் இருக்கும் முருகனிலிருந்து தொடங்கலாம்.